மூலிகைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மூலிகைச் செடிகளின் உள்ளே வாழும் பூஞ்சைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இலை, தண்டு, வேர் என்று செடியின் உடம்புக்குள்ளேயே இருந்துகொண்டு, வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாமல், செடிக்கு நோய் எதுவும் தராமல் காலம் தள்ளும் பூஞ்சைகள் அவை. ஆங்கிலத்தில் எண்டோஃபைட் என்பார்கள், நான் உள்வாழ் பூஞ்சை என்று எழுதுகிறேன். அதற்கு வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த முறை பதில். சிலருடைய கேள்விக்கு நீளமாகவும் சிலருடையதற்கு நாலு வரியிலும் எழுதியிருக்கிறேன், விஷயம் அப்படி.

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் மருந்துக்கூர்க்கன் போட்டிருக்கிறேன். போன வருஷம் வேரழுகலில் பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது கடையில் 'எண்டோஃபைட்' என்று எழுதிய பாக்கெட்டைக் கொடுத்து, இது நல்ல பூஞ்சை, வேருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கிழங்கைப் பெருக்கும் என்கிறார்கள். பூஞ்சையால் அழுகிய வயலில் மறுபடியும் பூஞ்சையையே போடுவதா? (ஆத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர்)

பதில்: உங்கள் சந்தேகம் ரொம்ப நியாயமானது. பூஞ்சை என்றதும் நமக்கு அழுகல், வாடல், சாம்பல் நோய் இவைதான் நினைவுக்கு வரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அவைதான். ஆனால் நன்றாக இருக்கும் ஒரு கூர்க்கன் வேரை எடுத்து மேற்புறத்தைச் சுத்தமாகக் கழுவி, உள்ளே இருப்பதை வளர்த்துப் பார்த்தால் அதிலும் பூஞ்சை வரும். பெங்களூரில் இருக்கும், மருந்து மற்றும் நறுமணச் செடிகளை ஆராயும் மத்திய அரசின் சீமேப் ஆராய்ச்சி மையத்தில் இதைத்தான் செய்தார்கள். மருந்துக்கூர்க்கனின் உள்ளிருந்தே பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் தேர்ந்த சிலவற்றைத் திரும்ப அதே பயிருக்குக் கொடுத்துப் பார்த்ததில் செடியின் வளர்ச்சியும் கூடியது, கிழங்கில் இருக்கும் ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துச் சத்தும் கூடியது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அப்படித் தேர்ந்தெடுத்த பூஞ்சைகளில் ஒன்று ஃபியூசேரியம். வாடல் நோயைக் கொண்டுவந்து வயலையே காலி செய்யும் பூஞ்சையும் ஃபியூசேரியம் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஒரே குடும்பத்துப் பெயர், ஆள் வேறு. அதனால் பாக்கெட்டில் 'நல்ல பூஞ்சை' என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒரு தகவலே இல்லை.

கடையில் நின்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பூஞ்சையின் முழுப்பெயர், சிற்றினம் வரைக்கும் இருக்கிறதா? ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துகள் (பூஞ்சைக்கு விதை மாதிரி) என்று எண்ணிக்கை போட்டிருக்கிறதா? தயாரித்த தேதி, காலாவதி தேதி, பதிவு எண் இருக்கிறதா? உயிர் உரமாக விற்றால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழும், நோயை அடக்கும் மருந்தாக விற்றால் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்திலும் அது வர வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாத பாக்கெட்டுக்குள் இருப்பது வெறும் சுண்ணாம்புத் தூளா, யாருக்கும் தெரியாத ஒரு பூஞ்சையா என்று நீங்களும் சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது.

வேரழுகல் வந்த வயலுக்கு நான் முதலில் சொல்வது டிரைக்கோடெர்மா விரிடிதான், அழுகல் பூஞ்சைகளை அடக்கும் ஒரு மண் பூஞ்சை. புதுசாக எதுவும் இல்லை, ஆனால் பல வருஷமாகச் சோதித்துத் தேறியது. ஹெக்டேருக்கு 2.5 கிலோ எடுத்து 50 கிலோ மக்கிய தொழுஉரத்தோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் சில நாள் மூடி வைத்து, பூஞ்சை பரவிய பிறகு இடுவது வழக்கம். அதோடு வேர் உட்பூசணம், அதாவது வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சையால் ஆன வேம் உரம். இந்த இரண்டையும் போட்ட கையோடு கார்பன்டசிம் மாதிரிப் பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டு, உயிர் உரம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊற்றிய மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, இரண்டையும் கொன்றுவிடும். கூர்க்கனில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தாலும் அழுகல் அதன் வழியாகத்தான் உள்ளே நுழையும், ஆகவே ஒரு செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தப் புதுப் பாக்கெட்டில் நான் சொன்ன விவரமெல்லாம் இருந்து, ஆசையும் இருந்தால், நாலு பாத்திக்கு மட்டும் போடுங்கள், பக்கத்திலேயே நாலு பாத்தியைப் போடாமல் விடுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தால், யார் சொன்னதும் தேவையில்லை, தராசே சொல்லிவிடும்.

கேள்வி: வீட்டில் வாங்கி வைத்த கடுக்காயிலும் சுக்கிலும் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மூலிகைக்குள் நன்மை செய்யும் பூஞ்சை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், இதுவும் அதுதானா? தட்டிவிட்டுப் பயன்படுத்தலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள். நான் எழுதியது உயிரோடு இருக்கும் செடிக்குள் வாழ்பவற்றைப் பற்றி. செடி செத்துக் காய்ந்து, டப்பாவில் ஈரம் ஏறிய பிறகு பூப்பது வேறு கூட்டம், அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் மாதிரி அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குபவையும் இருக்கலாம். அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். கொதிக்க வைத்தாலும் முழுக்கப் போகாது, வெயிலில் திரும்பக் காயவைத்தாலும் போகாது, மேலே பூத்ததைத் தட்டிவிட்டாலும் உள்ளே இறங்கியது அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை கொஞ்சமாக வாங்கி, மொறமொறவென்று காய்ந்த பிறகு கண்ணாடி ஜாடியில் இறுக்கமாக மூடி வையுங்கள்.

கேள்வி: என் பெரியப்பாவுக்குப் புற்றுநோய். நித்தியகல்யாணிச் செடிக்குள் இருக்கும் பூஞ்சைதான் புற்றுநோய் மருந்தைச் செய்கிறது, அதனால் இலையை அரைத்துக் குடித்தால் பூஞ்சையும் உள்ளே போய் மருந்து சுரக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். தினமும் காலையில் அரைத்துக் கொடுக்கிறார்கள். இது சரியா? (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: முதலில் இன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லும்மா. மற்றதை அப்புறம் பேசலாம். நித்தியகல்யாணி இலையில் ஆல்கலாய்டுகள் என்ற வீரியமான வேதிப்பொருள்கள் பல இருக்கின்றன. ஒரு கைப்பிடியில் எது எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, இரத்த அணுக்களைக் குறைப்பதும் நரம்பைத் தாக்குவதும் அவற்றுக்கு உண்டு. பெரியப்பா ஏற்கெனவே கீமோவில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. இதுவரை எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதை மறைக்காமல் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடு, திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம்.

இப்போது அந்தச் செய்தியில் எது உண்மை, எங்கே கதை ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து வருவது உண்மை. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் ஜமைக்காவிலிருந்து வந்த அந்த இலையைச் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்துதான் 1958-இல் வின்பிளாஸ்டின் வந்தது, அடுத்து வின்கிரிஸ்டின் வந்தது, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். வின்கிரிஸ்டினை இரத்தக் குழாய் வழியாக மட்டும்தான் ஏற்றுவார்கள், வேறு எந்த வழியாகவும் அல்ல. அரைத்த சாறுக்கும் அந்த ஊசிக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

பூஞ்சை எங்கிருந்து வந்தது என்றால், அது இன்னொரு மரத்தின் கதை. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதியில் பசிபிக் யூ என்று ஒரு மரம், மிக மெதுவாக வளரும். 1962-இல் அதன் பட்டையைச் சேகரித்தார்கள், 1971-இல் அதிலிருந்த மருந்தின் அமைப்பை வானியும் வாலும் வெளியிட்டார்கள், அதுதான் டாக்சால். மன்சுக் வானி நம் நாட்டில் பிறந்தவர். 1992 கடைசியில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், நோயாளிகளோ ஆயிரக்கணக்கில், காடு எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1993-இல் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டியர்ல் தம்பதியும் கேரி ஸ்ட்ரோபலும் அந்த யூ மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் டாக்சாலைச் செய்கிறது என்று அறிவித்தார்கள். கண்டெடுத்த ஆண்ட்ரியா ஸ்டியர்லின் பெயரையே அதற்கு வைத்தார்கள், டாக்சோமைசிஸ் ஆண்ட்ரியானே. அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, மரத்தைத் தொடாமலே தொட்டியில் பூஞ்சையை வளர்த்து மருந்து எடுத்துவிடலாம் அல்லவா!

அளவைப் பார்த்தால்தான் நிலைமை புரியும். ஒரு லிட்டர் வளர்ப்புத் திரவத்தில் கிடைத்தது அதிகபட்சம் 50 நானோகிராம் அளவுதான் (ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரு நோயாளிக்கு ஒரு முறை ஏற்றுவது சுமார் 300 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரே ஒரு முறைக்கு 60 லட்சம் லிட்டர் வேண்டும், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 500 லாரி. பிறகு பல நாடுகளில் இதைவிடக் கூடுதலாகச் செய்யும் பூஞ்சைகளைக் கண்டோம் என்று கட்டுரைகள் வந்தன, நித்தியகல்யாணிக்குள் இருக்கும் பூஞ்சைகளைப் பற்றியும் அப்படித்தான் வந்தன. ஆனால் 2013-இல் ஜெர்மனியில் ஒரு குழு, முதலில் கண்டெடுத்த அந்தப் பூஞ்சை உட்பட சிலவற்றை எடுத்து, மரபணு வரைக்கும் போய்த் தேடியதில், பூஞ்சை தானாக டாக்சால் செய்வதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்றைக்கு டாக்சால் வருவது யூ மரங்களின் ஊசியிலையிலிருந்து எடுக்கும் மூலப்பொருளைக் கொண்டும், யூ மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்த்தும்தான்.

இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நன்றாக விஷயத்தைக் காட்டியது. சீனாவில் 'மகிழ்ச்சி மரம்' என்று ஒரு மரம், அதிலிருந்துதான் கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்பு மருந்து முதலில் வந்தது (நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்த மருந்தைக் கொண்ட வேறொரு மரம் இருக்கிறது). அந்தச் சீன மரத்துக்குள் இருந்த ஒரு ஃபியூசேரியம் பூஞ்சை வெளியே எடுத்து வளர்த்தபோதும் கேம்ப்டோதெசின் செய்தது, ஆனால் ஒரு வளர்ப்புத் தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு மாற்ற மாற்ற, தலைமுறைக்குத் தலைமுறை அளவு இறங்கிக்கொண்டே போனது. ஏன் என்று தேடியபோது, மருந்தைக் கட்டும் வேலையில் நடுவில் தேவைப்படும் ஒரு முக்கியமான நொதி பூஞ்சையிடம் இல்லை, அந்த இடத்துக்கு மரத்தின் நொதியைத்தான் அது நம்பியிருந்தது என்று தெரிந்தது. வீட்டை விட்டுப் பிரித்தால் அந்தக் கைத்தொழிலே மறந்துபோகிறது. மரமும் பூஞ்சையும் சேர்ந்து செய்த வேலையை, பூஞ்சையை மட்டும் குடுவையில் போட்டுச் செய்யச் சொன்னால் அது எப்படிச் செய்யும்?

அதனால் பெரியப்பாவின் வயிற்றுக்குள் போன பூஞ்சை அங்கே உட்கார்ந்து மருந்து சுரக்கும் என்பதற்கு எந்த வழியும் இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது சண்டையாகச் சொல்லாதே, அவர்கள் ஆசையில் செய்கிறார்கள். அந்த 500 கிலோ கணக்கைச் சொல், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்கிறார்கள். ஆனால் அதன் வேரிலிருந்து ஒரு அற்புதப் பூஞ்சையை எடுத்தார்கள் என்று விவசாயக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். உண்மையா? அப்படியென்றால் வேரடி மண்ணை அள்ளி எங்கள் அமுக்கராத் தோட்டத்தில் போடலாமா? (முதுகுளத்தூர் வாசகர்)

பதில்: எடுத்தது உண்மை, ஆனால் உங்கள் ஊரில் இல்லை, ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில். அஜித் வர்மா என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அங்கே வளரும் சீமைக்கருவேலம், காட்டு இலந்தை ஆகியவற்றின் வேர்ப்பகுதியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்து, வித்துகள் பேரிக்காய் வடிவில் இருந்ததால் பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்று பெயர் வைத்து 1998-இல் வெளியிட்டார்கள். இப்போது அதன் பெயர் செரண்டிபிடா இண்டிகா. வேர் உட்பூசணத்தை உயிருள்ள வேர் இல்லாமல் வளர்க்க முடியாது, அதனால்தான் வேம் உரத்தைச் செடி வளர்த்து, அந்த வேரும் மண்ணுமாகத் தயாரிக்கிறார்கள். இந்தப் பூஞ்சையோ சாதாரண வளர்ப்பு ஊடகத்திலேயே (ஆய்வகத்தில் பூஞ்சைக்கு உணவாகக் கலந்து வைப்பது) நன்றாக வளர்கிறது, அதனால் பெருக்குவது எளிது, இதுதான் இதன் பெரிய பலம். வேருக்குள் நுழைந்து செல்களுக்கு நடுவிலும் உள்ளேயும் படர்ந்து, பாஸ்பரஸ் முதலானவற்றைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கிறது. பார்லியில் இதைச் செலுத்திப் பார்த்தபோது உப்பையும் நோயையும் தாங்கும் சக்தி கூடி, மகசூலும் கூடியது, அது 2005-இல் வந்த ஆய்வு. உங்கள் அமுக்கராவுக்கும் வயல் சோதனை நடந்திருக்கிறது, 2001-இல் வெளியானது, செடிகள் நன்றாக வளர்ந்தன என்றுதான் முடிவு.

பாலைவனத்தில் இருந்து ஏன் இப்படி ஒன்று கிடைக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். கஷ்டமான இடத்தில் பிழைக்கும் செடிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு துணை இருக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளின் பக்கத்துச் சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. அதற்குள் ஒரு பூஞ்சை இருக்கிறது, இரண்டும் சேர்ந்திருந்தால் 65 டிகிரி செல்சியஸ் வரை மண் சூட்டைத் தாங்குகின்றன, பிரித்துவிட்டால் இரண்டுமே 40 டிகிரியைத் தாண்டுவதில்லை. பிறகு பார்த்தால் அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் சூடு தாங்கும் சக்தி போய்விடுகிறது. புல்லுக்குள் பூஞ்சை, பூஞ்சைக்குள் வைரஸ், மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வெந்த மண்ணில் ஒரு பச்சை நிற்கும்.

ஆனால் வேரடி மண்ணை அள்ளிப் போடாதீர்கள். உங்கள் காட்டு மரத்தின் வேரில் அந்தப் பூஞ்சை இருக்கிறதா என்பதே தெரியாது, அதோடு நூற்புழு, அழுகல் பூஞ்சை, கருவேல விதை என்று வேண்டாத எல்லாமும் சேர்ந்து வரும். பூஞ்சை நல்லது என்பதற்காக மரத்தை வளர்க்கவும் வேண்டாம். அது வெளிநாட்டிலிருந்து வந்து உங்கள் கண்மாய்களை அடைத்துக்கொண்ட மரம், அந்தக் கருத்தில் எனக்கு மாற்றமில்லை. செரண்டிபிடா வேண்டுமென்றால் ஆய்வகத்தில் சுத்தமாக வளர்த்ததை, முதல் பதிலில் சொன்ன மாதிரி விவரம் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மாத்தளையில் எங்களுக்குக் கொஞ்சம் கறுவாத் தோட்டம் இருக்கிறது. கறுவாவுக்குள் வாழும் பூஞ்சையிலிருந்து பழங்களைப் பாதுகாக்கும் வாயு கிடைத்தது என்று மகன் இணையத்தில் படித்துச் சொன்னான். எங்கள் மரத்திலும் இருக்குமா? (இலங்கை வாசகர்)

பதில்: மரம் உங்கள் நாட்டு மரம், பூஞ்சை கிடைத்தது கடலுக்கு அப்பால். இலங்கைக் கறுவாவை மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு தாவரவியல் தோட்டத்தில் நட்டிருந்தார்கள். அதன் கிளையிலிருந்து, டாக்சால் கதையில் வந்த அதே ஸ்ட்ரோபல் ஒரு வெள்ளைப் பூஞ்சையை எடுத்தார், மஸ்கோடோர் ஆல்பஸ். இதன் விசேஷம், தொடாமலே கொல்வது. மூடிய பெட்டிக்குள் ஒரு மூலையில் இதை வைத்தால், மறு மூலையில் இருக்கும் மற்ற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இதிலிருந்து கிளம்பும் ஆவியிலேயே அடங்கிவிடும். அந்த ஆவி ஒரே பொருள் இல்லை, இரண்டு டஜனுக்கும் மேற்பட்டவை கலந்தது, தனித்தனியாக எடுத்தால் எதுவும் பெரிதாகக் கொல்வதில்லை, சேர்ந்தால்தான் வேகம். அதில் முக்கியமான ஒன்று ஐசோஅமைல் அசிடேட், பழுத்த வாழைப்பழத்தில் நமக்கு வரும் வாசனை அதுதான். ஆப்பிளையும் பீச் பழத்தையும் அறுவடைக்குப் பிறகு அழுகாமல் வைக்க இதைக் கொண்டு சோதனைகள் நடந்தன, அழுகல் நன்றாகக் குறைந்தது.

உங்கள் மரத்தில் பூஞ்சைகள் நிச்சயமாக இருக்கும், இதே பூஞ்சை இருக்கும் என்று சொல்ல முடியாது. காரணம், மரங்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் தாய் மரத்திலிருந்து விதை வழியாக வருவதில்லை, காற்றிலும் மழையிலும் மிதந்து வரும் வித்துகள் இளம் இலைமேல் விழுந்து உள்ளே நுழைகின்றன. அதனால் ஒரே மரம் ஹோண்டுராஸில் நின்றால் ஒரு கூட்டம், மாத்தளையில் நின்றால் வேறு கூட்டம். உங்கள் பல்கலைக்கழகங்களில் யாராவது தேடிப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை, கறுவாவின் சொந்த மண் அது.

கேள்வி: மலையில் பறித்த மூலிகைக்குத்தான் வேகம், தொட்டியில் வளர்த்ததற்கு இல்லை என்று என் பாட்டி சொல்வார். அதற்கு இந்தப் பூஞ்சைகள்தான் காரணமா? (கோத்தகிரி வாசகி)

பதில்: ஒரு பங்கு இருக்கலாம், முழுக்காரணம் என்று சொன்னால் அது அதிகம். வெயில், உயரம், மண், பறித்த பருவம், செடியின் வகை எல்லாம் மருந்துச் சத்தை மாற்றும். ஆனால் பூஞ்சை உள்ளே நுழையும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில பொருள்களைக் கூடுதலாகச் சுரப்பது பல செடிகளில் பார்த்த விஷயம், நாம் மருந்து என்று பறிப்பது பல நேரம் அந்தத் தற்காப்புப் பொருளைத்தான். இதற்கு நல்ல உதாரணம் அகில். நன்றாக இருக்கும் அகில் மரத்தை வெட்டிப் பார்த்தால் வெளிறிய சாதாரணக் கட்டை, வாசனையே இருக்காது. காயம் பட்டு, அதன் வழியாகப் பூஞ்சை இறங்கிய இடத்தில்தான் கறுத்து, பிசின் கட்டி, அந்த மணம் வரும். அஸ்ஸாம் பக்கம் வேண்டுமென்றே மரத்தில் காயம் உண்டாக்கி அதை வரவழைக்கிறார்கள்.

திசு வளர்ப்பு நாற்றுகளை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் கிருமி நீக்கி வளர்ப்பதால் இந்தத் துணைகள் பெரும்பாலும் கழிந்துபோகின்றன, வெளியே வந்த முதல் சில வாரங்களில் நிறையச் செத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் வேர் உட்பூசணமோ செரண்டிபிடாவோ கொடுத்தால் பிழைப்பவை கூடுகின்றன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'நன்மை செய்யும்' என்றால் யாருக்கு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் டால் ஃபெஸ்க்யூ என்று ஒரு புல், வறட்சி தாங்கும், பூச்சி தாங்கும் என்று மேய்ச்சலுக்குப் பரப்பினார்கள். அதை மேய்ந்த மாடுகள் இளைத்தன, குளம்பும் வாலும் அழுகின. 1977-இல்தான் புல்லுக்குள் இருந்த பூஞ்சை செய்யும் நஞ்சு காரணம் என்று பிடித்தார்கள். சரி என்று பூஞ்சையை நீக்கிய புல்லை விதைத்தால் மாடு நன்றாக இருந்தது, புல் பட்டுப்போனது. கடைசியில் மாட்டுக்கு நஞ்சு செய்யாத, ஆனால் புல்லைக் காக்கும் பூஞ்சை வகைகளைத் தேடிப்பிடித்து உள்ளே வைத்தார்கள்.

கேள்வி: மேடம், நான் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு வில்வ இலையிலிருந்து உள்வாழ் பூஞ்சை எடுக்கிறேன். மூன்று முறை செய்தும் எல்லாத் தட்டிலும் ஒரே கறுப்புப் பூஞ்சைதான் வருகிறது. எங்கே தப்பு? (காரைக்குடி மாணவர்)

பதில்: கறுப்பாக, பொடி தூவிய மாதிரி, இரண்டே நாளில் தட்டு முழுக்கப் பரவுகிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். இலைக்குள்ளிருந்து வரவில்லை, காற்றிலிருந்தோ இலையின் மேற்புறத்திலிருந்தோ, உன் கடைசிக் கழுவல் தண்ணீரிலிருந்தோ வந்திருக்கும். எனக்கு அந்தத் தண்ணீர்தான் காலை வாரியது. ஒரு மாதம் முழுக்க வந்த பூஞ்சைகளுக்கெல்லாம் பெயர் எழுதி வைத்துவிட்டு, கடைசியில் அந்தத் தண்ணீரை மட்டும் ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்தால் அதே பூஞ்சை. நோட்டில் இருந்த முப்பது பக்கத்தை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நோய்ப்புள்ளி இல்லாத, முதிர்ந்த இலையாகப் பார்த்துப் பறி. பறித்த அன்றைக்கே செய்துவிடு, நாள் கடந்தால் உள்ளே இருக்கும் கூட்டமே மாறிவிடும். ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கு. 70 சதவீத எத்தனாலில் 5 நொடி, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 90 நொடி, கிருமி நீக்கிய தண்ணீரில் 10 நொடி. நொடியைக் கடிகாரம் பார்த்துச் செய், மனசுக்குள் எண்ணாதே. வில்வ இலை மெழுகுப் பூச்சு உள்ளது, மெல்லிய இலைக்குச் சரியாக இருக்கும் நேரம் இதற்குப் போதாமல் போகலாம், அதனால் 60, 90, 120 நொடி என்று மூன்று விதமாக முதலில் ஒத்திகை பார். பிறகு சுத்தம் செய்த ஒரு துண்டைத் தனித் தட்டில் ஊடகத்தின் மேல் அழுத்தி எடுத்துவிடு. அந்த இடத்தில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் இலையின் மேற்புறம் இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். கழுவிய தண்ணீரையும் இப்படித் தனித்தட்டில் சோதி. இந்த இரண்டு தட்டும் வெறுமையாக இருந்தால் மட்டுமே மற்றத் தட்டுகளை நம்பு.

ஊடகத்துக்குக் காசில்லை என்றால் 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீரில் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 கிராம் அகர் போட்டு ஒரு லிட்டராக்கினால் போதும். பாக்டீரியா வராமல் இருக்க லிட்டருக்கு 150 மில்லிகிராம் குளோராம்ஃபெனிகால் சேர்க்கலாம். தட்டின் ஓரத்தை ஒட்டி மூடு, முளைத்த தட்டை எக்காரணம் கொண்டும் மூக்கருகில் திறக்காதே, வேலை முடிந்ததும் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலம்) போட்டுவிட்டுத்தான் குப்பைக்குப் போக வேண்டும்.

அப்புறம் பொறுமை. உண்மையான உள்வாழ் பூஞ்சை பெரும்பாலும் இரண்டு நாளில் வராது, நாலாம் நாளோ ஆறாம் நாளோ இலைத் துண்டின் வெட்டிய ஓரத்தில், பச்சைக்கும் ஊடகத்துக்கும் நடுவில், சிலந்தி நூலைவிட மெலிசாக ஒரு வெள்ளைக் கற்றை எட்டிப் பார்க்கும். வெளிச்சத்துக்கு எதிரே தட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். சில பூஞ்சைகளுக்கு மூன்று வாரம் ஆகும், அதனால் 21 நாள் வரைக்கும் தட்டைத் தூக்கிப் போடாதே, வேகமாக வளர்வதை வெட்டித் தனித்தட்டுக்கு மாற்றிவிட்டால் மெதுவாக வருவதற்கும் இடம் கிடைக்கும். பூஞ்சை நிறம் மாறும்வரை காத்திருந்து, வித்து வந்த பிறகுதான் பெயர் வைக்க முடியும். பல பூஞ்சைகள் வித்தே விடாமல் வெள்ளையாகவே இருந்துவிடும், அவற்றுக்கு டிஎன்ஏ பார்க்க வேண்டியிருக்கும்.

சென்னையில் பேராசிரியர் டி.எஸ். சூரியநாராயணனும் அவருடைய மாணவர்களும் முதுமலை முதலான காடுகளின் மர இலைகளில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள், அவர்களுடைய கட்டுரைகளைத் தேடிப் படி, முறைகளைத் தெளிவாக எழுதியிருப்பார்கள். நம் ஊர் மரங்களில் செய்த வேலை என்பதால் உனக்கு நேராகவே உதவும்.

அடுத்த முறை செய்யும்போது கோடையில் ஒரு தடவையும் மழைக்குப் பிறகு ஒரு தடவையும் அதே வில்வ மரத்தில் பறித்துப் பார். மழைக்குப் பிந்தைய இலையில் எத்தனை துண்டுகளில் முளைத்தது, எத்தனை விதம் வந்தது என்று எழுதி அனுப்பு, அந்தச் சோதனைத் தட்டு இரண்டும் வெறுமையாக இருந்ததா என்பதையும் சேர்த்து.